வந்த தேதி இல்லாதவர்

அன்று மன்றத்தின் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர் ராஜ்கமல், செயலாளர் சந்திரவல்லி, ‘பனிமூட்டம்’, ‘மலைமடி’, ‘மௌனம்’ ஆகிய மூன்று வீடுகளின் சொந்தக்காரர்களும் அவர்களுடைய மனைவிமாரும், அவர்களோடு ஒரு பிரம்பு நாற்காலியில் திருப்பதி, எதிரே கயிற்றுக் கட்டிலில், திருப்பதியின் உடன்பிறந்த அண்ணன் விஜயபாண்டி, வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்ற மனமில்லாமல் நின்றபடி, ஜீப்பு ஓட்டும் சின்ராசு. இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. ‘நானும் அங்கேதான் இருந்தேன்’ என்று பின்னால் போடியில் பலர் சொல்லிக்கொண்டு திரிந்ததால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

கயிற்றுக் கட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது விஜயபாண்டி வீட்டுக் கட்டில் அல்ல. அவருடைய வீட்டில் தேக்குக் கட்டில்தான் உண்டு. கயிற்றுக் கட்டிலை மன்றம் வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தது. உறுப்பினர்கள் நாற்காலியிலும், உள்ளூர்க்காரர்கள் கட்டிலிலும் அமர வேண்டும் என்பது மன்றத்தின் விதி. உள்ளூர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தால் படத்தில் சரியாக வராது.

போடியிலிருந்து குரங்கணி போகிற சாலை மாந்தோப்புகளை விட்டு மேலே ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது தழைப்பாறை. ஊரின் பெயர் பாறையால் வந்தது. சாலையோரம் படுத்த எருமை அளவுக்கு ஒரு பாறை. மலைக்கு வேலைக்குப் போகிற யாரும் பக்கத்தில் இருக்கிற மரத்தில் கையால் ஒரு கொத்துத் தழையை ஒடித்து, பாறைமேல் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். கத்தி, அரிவாள் படக் கூடாது. ஆவணியில் ஏலக்காய் எடுப்புத் தொடங்குகிற நாளில் மட்டும் முதல் தழை விஜயபாண்டி வீட்டுத் தழை. ஊரார் அந்த வீட்டைப் பெரிய வீடு என்பார்கள். பெரிய வீட்டுத் தழை விழாமல் எடுப்புக்குப் போகிற ஒரு பெண்ணும் பாதையில் கால் வைக்க மாட்டாள். ஏன் என்று கேட்டவரும் இல்லை, முடியாது என்றவரும் இல்லை.

ஐந்தாறு வருடங்களாகத்தான் புதியவர்கள் வரத் தொடங்கினார்கள். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர். மலையைப் பார்க்க ஆசைப்பட்டு, மலையை வெட்டி வீடு கட்டினார்கள். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. பிறகு எல்லோரும் கூடி ‘தழைப்பாறை மரபு காப்பு மன்றம்’ தொடங்கினார்கள். மன்றத்தின் நோக்கம் ஒரே வாக்கியம்: தழைப்பாறையை நாங்கள் முதன்முதலில் பார்த்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே என்றென்றும் வைத்திருப்பது. அந்த நாளில் மன்றத்தாரின் வீடுகள் அங்கே இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு துணைக்குழு அமைத்திருப்பார்கள்.

விஜயபாண்டி கூட்டத்துக்கு வந்த காரணம், வருகிற ஆவணியில் மன்றமே ‘தழைத் திருவிழா’ நடத்தப்போவதாகச் சாலையில் ஒரு பேனர் கட்டியிருந்ததுதான். அதில் பாறை இருந்தது, மலை இருந்தது, ஒரு வெள்ளைக் குதிரைகூட இருந்தது. பெரிய வீட்டுப் பெயர் இல்லை.

“முதல் தழ எங்க வீட்டுத் தழ. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்,” என்றார்.

சந்திரவல்லி கனிவாகச் சிரித்தார். “ரொம்ப நல்லது ஐயா. அதை முறைப்படி பரிசீலிப்போம். நீங்க இந்த ஊருக்கு எப்போ வந்தீங்க?”

“வரல. இங்கதான் பெறந்தேன்.”

“அது சரி. வந்த தேதி?”

“பெறந்தவன் எங்கிட்டிருந்தும்மா வர்றது?”

சந்திரவல்லி தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடித் திறந்தார். விளக்கலாம் என்று பொருள்.

“நம்ம விதிப்படி, நிலம் வாங்கி இங்கே வந்தவங்க குடியிருப்போர். அவங்க ஒவ்வொருத்தருக்கும் வந்த தேதி உண்டு. அந்த வரிசைதான் மூப்பு. வாங்காம, ஏற்கெனவே இருந்தவங்க அந்தக் கணக்குல வர மாட்டாங்க.”

“பின்ன நாங்க யாரு?”

“நீங்கதானே ஐயா மரபு. மன்றமே உங்களைக் காப்பாத்தத்தான்.”

“அப்ப எங்களுக்கு ஒரு சொல்லு கெடையாதா?”

“காக்கப்படுற ஒண்ணு எப்படி ஓட்டுப் போட முடியும்? ஆத்தோரத்து அத்தி மரம் ஓட்டுப் போடுதா? ஆனா அதுமேல யாரும் கை வைக்க விட மாட்டோம். உங்களுக்கும் அதே மரியாதைதான்.”

வாசலிலிருந்து சின்ராசு சொன்னான்: “மாமா, ஒங்கள வெட்டணும்னா பர்மிசன் வாங்கணுமாம். இனிமே பயமில்லாம நடமாடுங்க.”

அப்போது ராஜ்கமல் எழுந்தார். எழுந்தால் பேசுவார், பேசும்போது கண்ணாடிச் சுவர் வழியாக மலையைப் பார்ப்பார். “நண்பர்களே, இந்த மலையை நாங்கள் வாங்கவில்லை. மலைதான் எங்களை அழைத்தது. அழைத்த மலைக்கு வேலி போட வேண்டியது எங்கள் கடமை. நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இங்கே எல்லோர் பெயரும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் கழுத்தில் பெயரட்டை கொடுக்கிறோம். எளிமையைத் தேடி வந்தவர்கள் நாங்கள். எங்களுடைய எளிமைக்கு இடையூறாக இந்த ஊரில் யாரும் வசதியாக வாழ்ந்துவிடக் கூடாது. என் ஒரே கவலை அதுதான்.”

கைதட்டினார்கள். திருப்பதியும் தட்டினார்.

விஜயபாண்டி நாற்காலியை அப்போதுதான் கவனித்தார். “ஆமா, இவன் எப்பிடி அங்க உக்காந்திருக்கான்? இவனும் நானும் ஒரே வீட்டுல பெறந்தவய்ங்க.”

“திருப்பதி சார் போன சித்திரையில வந்தவர் ஆச்சே,” என்றார் சந்திரவல்லி.

விவரம் இதுதான். திருப்பதி தன் பங்கு மாந்தோப்பை ராஜ்கமலுக்கு விற்றிருந்தார். அது விஜயபாண்டிக்குத் தெரியும். விற்ற தோப்பின் ஒரு மூலையை, நாய்க்கூண்டு வைக்கிற அளவு இடத்தை, திருப்பதி திரும்ப விலைக்கு வாங்கியது தெரியாது. வாங்கினாரா, நிலம் வாங்கியவர் ஆனார். வந்த தேதி கிடைத்தது. அறுபது வயதுவரை தழைப்பாறையிலேயே தின்று உறங்கி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்த மனிதர், போன சித்திரையில் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தார். வந்தவுடன் மரபு ஒருங்கிணைப்பாளர் பதவியும் கொடுத்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் திருப்பதி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோவப்படாதண்ணே. உள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருந்தாத்தான நல்லது? எல்லாரும் வெளிய நின்னு கத்துனா யாரு கேப்பா? முதல் தழ நம்ம வீட்டத் தாண்டி எங்கிட்டும் போகாது. நான் பாத்துக்கிறேன்.”

விஜயபாண்டி நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பெரிய வீட்டில் வாய் இரண்டு, சொல் ஒன்று என்று ஊரில் பேர். நிலத் தகராறோ பெண் பார்க்கிற பேச்சோ, அண்ணன் சொன்னதைத் தம்பி மாற்றியதில்லை, தம்பி கொடுத்த வாக்கை அண்ணன் தட்டியதில்லை.

அடுத்த வாரம் மன்றத்தின் காட்சிக் குழு வீடு வீடாக வந்தது. சந்திரவல்லி முன்னால், வழிகாட்ட திருப்பதி. பெரிய வீட்டில் விஜயபாண்டியின் மனைவி குருவம்மாள் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேக்குதும்மா. ஆட்டுக்கல் இல்லையா?”

“இருக்கு. ஒங்க வீட்டுல ஆட்டுறதுக்கா? எடுத்துட்டுப் போறீங்களா?”

சந்திரவல்லி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். நீலச் சுவர் மண் நிறத்துக்கு மாற வேண்டும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கக் கூடாது. சேவல் கூவுவது அவசியம். ஆனால் விருந்தினர் எழுந்த பிறகு.

“அதுக்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா,” என்றார் குருவம்மாள். “நான் சொன்னா அது கேக்குறதில்ல.”

“அப்புறம், சாயங்காலம் உங்க வீட்டிலிருந்து புகை வரணும். மலைக்கு முன்னால ஒரு நீலப் புகை எழுந்தா அவ்வளவு அழகு.”

“நாங்க கேஸ் அடுப்புலயில்ல பொங்குறோம்.”

“சமைக்க வேண்டாம். புகை மட்டும் போட்டா போதும்.”

குருவம்மாள் கொழுந்தனைப் பார்த்தார். “ஏப்பா, ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல வர்ற பொக ஆகாதுன்னு போன மாசந்தான வந்து நிப்பாட்டச் சொன்னீக. இப்ப பொக வேணுங்கிறீக.”

“அது தொழில் பொக அண்ணி. இது மரபுப் பொக,” என்றார் திருப்பதி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பாவது இருக்கும் என்று குருவம்மாள் தேடினார். இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை அவரே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அது அவர் தன் மகள் கல்யாணத்தில் மிஞ்சியது என்று அண்ணனுக்குக் கொடுத்த நாற்காலி.

இதற்குள் பாறையைச் சுற்றி மூங்கில் வேலி வந்துவிட்டது. வேலிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவி மரபு ஒருங்கிணைப்பாளரிடம். மலைக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலாகத் தழையை வீசிவிட்டுப் போனார்கள். அதற்கு மன்றம் ‘பசுங்குப்பை’ என்று பெயர் வைத்து, தினமும் கூட்டி அள்ள ஒரு ஆளையும் போட்டது.

முதல் தழையை யார் போடுவது என்று முடிவு செய்யத் தேர்வு ஒன்று வைத்தார்கள். பாறைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள். அவற்றில் தலைவர், செயலாளர், ‘மௌனம்’ வீட்டுக்காரர். தோற்றம், நிதானம், கனிவு என்று மூன்று தலைப்புகளில் மதிப்பெண்.

“போட்டுக் காட்டுங்க ஐயா,” என்றார் சந்திரவல்லி.

“இன்னைக்கு நான் மேல போகல.”

“அதனால?”

“போகாதவன் எப்பிடித் தழ போடுறது?”

“ஒத்திகைதானே. போட்டுட்டு அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வந்துடுங்க.”

“தழைக்கு ஒத்திக கெடையாது. போட்டா போறதுதான்.”

‘மௌனம்’ வீட்டுக்காரர் கனிவு என்ற இடத்தில் ஒரு சுழியம் போட்டார். அந்த நேரத்தில் திருப்பதி முன்னால் வந்து, “அண்ணனுக்கு முழங்கால் வலி. நான் வேணா காட்டுறேன்,” என்றார். வேலிக்குள் போய்க் குனிந்து, வெறுங்கையைப் பாறைமேல் ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு, நடுவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வெறுங்கையைப் பார்த்ததும் விஜயபாண்டிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் தம்பி எதையும் மறக்கவில்லை. மேலே போகாத நாளில் பாறைமேல் தழை வைக்கக் கூடாது என்பது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது போதும்.

இருவரும் தேறவில்லை என்று தீர்ப்பு வந்தது. ஒருவரிடம் கனிவு இல்லை. இன்னொருவர் உறுப்பினர் என்பதால் சார்பு வந்துவிடும். ஆகவே பெங்களூரிலிருந்து வருகிற தலைமை விருந்தினர் முதல் தழையை வைப்பார். அவர் மலைவாழ்க்கை பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். விஜயபாண்டிக்குத் தலைப்பாகை கட்டிப் பாறையின் இடப்பக்கம் நிற்கும் பொறுப்பு. பேச வேண்டியதில்லை.

அன்று மாலை திருப்பதி வீட்டுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ கவலப்படாதண்ணே. அவங்க எட்டு மணிக்கு மேலதான் வருவாங்க. விடியக்காலம் நான் வந்து வேலியத் தெறந்து விடுறேன். நீ நம்ம வீட்டுத் தழயப் போட்டுட்டு வெரசா மேல ஏறிரு. அப்புறம் அவங்க எதப் போட்டா நமக்கென்ன? முதல் தழ நம்மளதுதான.”

“நெசமாத் தெறப்பியா?”

“என்னண்ணே இப்பிடிக் கேக்குற.”

கேட்டதற்காக விஜயபாண்டி வெட்கப்பட்டார். குருவம்மாளிடம் காபி கொண்டாரச் சொன்னார்.

ஆவணி முதல் திங்கட்கிழமை, எடுப்புத் தொடங்குகிற நாள். கிழக்கு வெளுக்கும்போதே குளித்து, வேட்டி மாற்றி, புங்க மரத்தில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு விஜயபாண்டி பாறைக்கு வந்தார். வேலி பூட்டியிருந்தது. நின்றார். சூரியன் மாந்தோப்புக்கு மேலே வந்தது. சின்ராசு ஜீப்பை எடுத்துக்கொண்டு சிலமலைக்கு ஆள் கூட்டி வரப் போகும்போது பார்த்தான். “சாவி வரலியா மாமா? ஏறிக் குதிச்சிர வேண்டியதுதான?” என்றான்.

“எங்க வீட்டுத் தழ வேலி ஏறிக் குதிச்சுப் போகாதுப்பா,” என்றார்.

எட்டரை மணிக்குத் திருப்பதி வந்தார். தலைமை விருந்தினரின் காரில், முன் இருக்கையில். இறங்கி, பூட்டைத் திறந்து, விருந்தினருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அண்ணன் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

விழா நன்றாகவே நடந்தது. தோட்டக் கத்தரியால் ஒரே அளவாக வெட்டி, சணல் கயிற்றால் முடிந்த தழைக்கொத்துகளை ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்தார்கள். விருந்தினர் பேசினார்: “நானும் ஒரு மலைவாசிதான். என் உடல்தான் நகரத்தில் இருக்கிறது. மலை ஏறுவது என்பது கால்களால் ஏறுவது அல்ல. கால்களால் ஏறுகிறவர்கள் கூலிக்கு ஏறுகிறார்கள். நாம் மனத்தால் ஏறுகிறோம்.” பிறகு முதல் கொத்தைப் பாறைமேல் வைத்தார். தலைவர் வைத்தார், செயலாளர் வைத்தார், மூன்று வீட்டுக்காரர்களும் வைத்தார்கள். தாம்பாளத்தை ஏந்தி நின்றவர் திருப்பதி. வைத்து முடித்ததும் எல்லோரும் திரும்பிக் கீழே நடந்தார்கள். ராஜ்கமல் வீட்டில் தினைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகுதான் ஜீப்புகள் வந்தன. சிலமலைப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் ஆயம்மாள். பல வருடமாக எடுப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வருகிறவர். பாறையைப் பார்த்தார், கயிறு கட்டிய கொத்துகளைப் பார்த்தார்.

“யாருண்ணே போட்டது?”

“மன்றத்துக்காரங்க.”

“போட்டுட்டு மேல போயிருக்காங்களா?”

“கீழ போயிருக்காங்க. பொங்கல் திங்க.”

ஆயம்மாள் தலையில் இருந்த சாக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பி ஜீப்புகளில் ஏறினார்கள்.

அங்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. தழை போட்டுவிட்டு மேலே போனால், போகிறவர் பத்திரமாகத் திரும்புவார். தழை போட்டுவிட்டு மேலே போகாமல் திரும்பினால் அது செத்தவருக்குப் போடுகிற தழை. மலையில் உழைத்தவர் இறந்துபோனால் அவருடைய வீட்டார் வந்து, அவர் பெயரைச் சொல்லி ஒரு கொத்துப் போட்டுவிட்டுக் கீழே போவார்கள். அவர் மேலே போய்விட்டார், இனி இறங்க மாட்டார் என்று அதற்குப் பொருள். பெயர் சொல்லாமல் போட்டுவிட்டால் இன்னும் மோசம். யாருக்கு என்று தெரியாத சாவுத் தழை, அடுத்து ஏறுகிறவர் தலையில் விடியும். பெயர் சொல்லாத ஆறு தழைகள் பாறைமேல் கிடந்தன.

அன்றைக்கு எடுப்பு இல்லை. மறுநாளும் ஜீப்புகள் காலியாக நின்றன. மேலே காய் பழுத்து வெடிக்கத் தொடங்கிவிட்டது என்று காவல்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் வருடச் சோறு. மன்றத்துக்கு வேறு கவலை. ராஜ்கமல் வீட்டில் ‘காய் எடுப்பு அனுபவம்’ என்று சொல்லி வரவழைத்த விருந்தினர்கள், எடுக்கும் பெண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மன்றம் பாறையடியிலேயே அவசரமாகக் கூடியது. சின்ராசு சிலமலைக்குப் போய் ஆயம்மாளையும் நாலைந்து பெண்களையும் கூட்டி வந்தான். விஜயபாண்டியும் வந்தார். சாவுத் தழை என்ற ஒன்று உண்டு என்று நடந்ததை எடுத்துச் சொன்னார்.

ராஜ்கமல் பொறுமையாகக் கேட்டார். “ஐயா, உங்க உணர்வுகளை மதிக்கிறோம். ஆனா மரபு நீங்க. மரபே மரபைப் பத்திச் சாட்சி சொல்ல முடியாது. நடுநிலையான ஒருத்தர் சொல்லணும். திருப்பதி சார், நீங்க சொல்லுங்க. இப்படி ஒரு வழக்கம் உண்டா?”

எல்லோரும் திருப்பதியைப் பார்த்தார்கள். உண்டு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மன்றம் தன் தழைகளை எடுக்கும், வேலியைத் திறக்கும், பெரிய வீடு முதல் தழையைப் போடும், பெண்கள் மேலே போவார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சொன்னால், முறை தெரிந்தும் விருந்தினர் கையில் கொத்தை எடுத்துக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

திருப்பதி தொண்டையைச் செருமினார். “அப்பிடி ஒண்ணு இருக்கிறதா எனக்குத் தெரியல.”

“திருப்பதி,” என்றார் விஜயபாண்டி. அவர் குரலை உயர்த்தவில்லை. “நம்ம அப்பா செத்தப்ப இதே பாறையில தழ ஒடிச்சுப் போட்டது யாரு?”

திருப்பதி மலையைப் பார்த்தார். ராஜ்கமல் பார்ப்பது போலவே பார்த்தார்.

“நான் இந்த ஊருக்கு வந்து இன்னும் ரெண்டு வருசங்கூட ஆகலியேண்ணே. அதுக்கு முந்தி நடந்ததெல்லாம் எனக்கெப்பிடித் தெரியும்?”

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். விதிப்படி அது சரியான பதில்.

விஜயபாண்டிக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்; வரவில்லை. விற்ற தோப்பை அவர் மன்னித்திருந்தார். நாய்க்கூண்டு மூலையைக்கூட, உள்ளே ஒரு ஆள் என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டிருந்தார். பூட்டிய வேலிக்கு முன்னால் நின்ற காலையில், வண்டி பழுதாகியிருக்கும், காய்ச்சலாக இருக்கும் என்று தம்பிக்காகத் தானே காரணங்கள் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவின் சாவில் தனக்குப் பங்கில்லை என்று சொன்ன வாய்க்கு மட்டும் அவரிடம் காரணம் இல்லை.

புங்க மரத்தடிக்குப் போனார். கையை உயர்த்தி ஒரு கொத்தை ஒடித்தார். வேலி அன்றைக்குத் திறந்திருந்தது. உள்ளே போய், மன்றத்தின் ஆறு கொத்துகளுக்கும் மேலே அதை வைத்தார். பிறகு மலைக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பெண்கள் தலைச் சாக்குகளை எடுத்துக் கையில் பிடித்தார்கள். அது சாவு வீட்டில் செய்வது.

ஆயம்மாள்தான் முறைப்படி கேட்டார். “யாருக்குண்ணே?”

“என் தம்பி திருப்பதிக்கு.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திருப்பதிக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை தூரம்தான் இருந்தது. வேலிக் கம்பத்தைச் சுற்றுவது போல் சுற்றிக்கொண்டு நடந்தார்.

“என்ன சொல்லிட்டுப் போறார்?” என்று சந்திரவல்லி கேட்டார்.

“ஒண்ணுமில்ல மேடம்,” என்றார் திருப்பதி. “முழங்கால் வலி.”

வீட்டில் குருவம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைத்து, கால் கழுவச் சொன்னார். பிறகுதான் பேசினார்.

“எழவுத் தழ போட்ட வீடு அந்த வருசம் முதல் தழ போடக் கூடாதே. தெரிஞ்சுதான் போட்டீகளா?”

“தெரியும்.”

“இத்தன நாளா இதுக்குத்தான நின்னீக.”

“பேரில்லாத தழ பாறையில கெடந்தா யாருதான் ஏறுவா? இப்ப எல்லாத்துக்கும் சேத்து ஒரு பேர் வந்திருச்சு. நாளைக்குப் போவாங்க.”

அதற்காகத்தான் போட்டாரா, வேறு எதற்காகவாவது போட்டாரா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் குருவம்மாளுக்கும் இல்லை.

மறுநாள் காலையில் ஆயம்மாள் முதல் தழையைப் போட்டார். போடும்போது பெரிய வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் நின்றார். பிறகு பெண்கள் எல்லோரும் ஒவ்வொரு கொத்தாகப் போட்டுவிட்டு ஏறினார்கள். விஜயபாண்டி சாலைக்கு வரவில்லை. பெரிய வீட்டில் யாரும் சாகாத வருடத்தில் வேறு வீட்டுக் கை முதல் தழை போட்டது அதுதான் முதல்முறை.

பெரிய வீட்டில் ஒரு இழவு என்று யாரோ சொல்லக் கேட்டு, மன்றம் இரங்கல் கூட்டம் கூட்டியது. ராஜ்கமல் பேசினார்: “நம் மரபில் ஒரு கிளை முறிந்திருக்கிறது. மறைந்தவரை நான் நேரில் அறிந்ததில்லை. ஆனால் இந்த ஊரில் யார் மறைந்தாலும் அது காட்சிக்கு இழப்புத்தான்.” மறைந்தவரின் பெயரை யாரும் கேட்கவில்லை, கேட்பது பண்பாக இருக்காது என்று நினைத்தார்கள். தீர்மானத்தைச் சந்திரவல்லி முன்மொழிந்தார். உள்ளூர் பற்றிய தீர்மானங்களை மரபு ஒருங்கிணைப்பாளர்தான் வழிமொழிய வேண்டும் என்பது விதி. திருப்பதி எழுந்து வழிமொழிந்தார். பிறகு எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள். திருப்பதியும் நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் அவர் சற்று நேரம் நின்றுகொண்டிருந்ததாகச் சின்ராசு சொல்கிறான்.

திருப்பதி காலமாகிவிட்டார் என்றும், அமாவாசைதோறும் பெரிய வீட்டில் அவருக்கு இலை போடுகிறார்கள் என்றும் போடி கடைவீதியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. திருப்பதி நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். தை மாதம் மன்றத்தின் துணைத் தலைவராகப் பொறுப்பேற்கிறார். பெரிய வீட்டில் அவருக்கு இலை போடுவதில்லை.